அண்டை வீட்டாரின் உறக்கமும் ஓர் அமானிதம்

இரவையும் உறக்கத்தையும் அல்லாஹுத்தஆலா தன் அருட்கொடைகளின் வரிசையில் வைத்துத் திருமறையில் நினைவூட்டுகின்றான். ‘அல்புர்கான்’, ‘அந்நபஉ’ ஆகிய அத்தியாயங்களில் இரவு ஆடையாகவும் உறக்கம் இளைப்பாறுதலாகவும் வர்ணிக்கப்பட்டிருப்பதைத் திருமறை ஓதும் ஒவ்வொருவரும் அறிவோம். உணவும் நீரும் எப்படியோ, அப்படியே உறக்கமும் வல்ல நாயன் மனிதனுக்கு வழங்கிய கொடையாகும். அடுத்தவர் தட்டிலிருந்து ஒரு கவளம் சோற்றை எடுத்தால் அது திருட்டு என்று நமக்குத் தெரிகின்றது. அடுத்தவர் கண்ணிலிருந்து உறக்கத்தை எடுத்தால் அதற்கு என்ன பெயர்? அன்பு வாசகர்களே! இந்தக் கேள்வியை உங்கள் முன் வைத்தே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம்.

நம் நகரங்களில் அமைதி என்பது அரிய பொருளாகிவிட்டது. பேருந்துகளின் ஏர் ஹாரன், சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டப்படும் மோட்டார் சைக்கிள்கள், இரவிலும் ஓயாத கட்டட வேலை, மின்சாரம் நின்ற மறுகணமே கடைதோறும் உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர், திருமண மண்டபத்தில் நெஞ்சுக்கூட்டையே அதிரவைக்கும் இசை என்று ஓசையின் நடுவிலேயே நகரவாசி வாழ்கின்றான். கிராமமும் தப்பவில்லை. காதுகுத்து முதல் கட்சிக் கூட்டம் வரை மைக் செட் இல்லாத நிகழ்ச்சி இல்லை. கூம்பு ஒலிபெருக்கியைத் தென்னை மரத்தின் உச்சியில் கட்டிவிட்டால், சுற்றுப்புறம் அமைதியாக இருக்கும் ஒரே காரணத்தாலேயே அந்த ஓசை அடுத்த ஊர் வரை சென்று அங்குள்ள நோயாளியின் கட்டிலையும் எட்டுகின்றது.

ஓசை உடலுக்குச் செய்யும் தீங்கு

கண்ணுக்கு இமையைத் தந்த இறைவன் காதுக்கு இமையைத் தரவில்லை. உறங்கும்போதும் காது திறந்தே இருக்கின்றது. ஆகவே உறங்குபவன் விழிக்காவிட்டாலும், பேரோசை கேட்டால் அவனுடைய இதயத் துடிப்பு விரைகின்றது. இரத்த அழுத்தம் ஏறுகின்றது. நாள்தோறும் இவ்வாறு நேர்ந்தால் அது இதய நோய்க்கும் வழிவகுக்கும் என்பது மருத்துவம் கண்டறிந்த உண்மை.

ஓசையை அளக்கும் அலகுக்கு டெசிபல் என்று பெயர். 10 டெசிபல் கூடினால் ஓசையின் ஆற்றல் 10 மடங்காகின்றது; 20 டெசிபல் கூடினால் 100 மடங்காகின்றது. நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர்ந்து ஒலிக்கும் ஓசை 30 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும், 100 டெசிபல் என்றால் 15 நிமிடமே எல்லை என்பதும் தொழிலாளர் நலன் கருதி அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த கணக்கு. நம் திருமண வீடுகளில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளின் முன்னே நம் பிள்ளைகள் மணிக்கணக்கில் நிற்கின்றார்கள். உட்செவியில் ஓசையை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்துவிட்டால் மீண்டும் முளைப்பதில்லை என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். செவியும் அல்லாஹ் தந்த அமானிதமே. அதைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு.

ஓசையின் தீங்கு உடல்நலத்தோடு நின்றுவிடவில்லை. 1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தித்தாள்களில் வந்த ஒரு கொடுமை நெஞ்சை உலுக்கக்கூடியது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி கயவர் கையில் சிக்கிக் கதறினாள். அருகில் ஒலிபெருக்கியில் முழங்கிய பாட்டோசையில் அந்தக் கதறல் எவர் காதிலும் விழவில்லை. அன்று மாலையே அந்தப் பிள்ளை தன்னைத் தீக்கு இரையாக்கிக்கொண்டாள். இந்தச் செய்தியே உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குக்குக் காரணமாயிற்று. ஒலி மாசு பற்றி 2005ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று அந்நீதிமன்றம் வழங்கிய விரிவான தீர்ப்பு அந்த வழக்கில் பிறந்ததேயாகும். பாட்டை முழங்கவிட்டவர்கள் கொலைகாரர்கள் அல்லர். அவர்கள் தங்கள் மகிழ்ச்சியைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆயினும் ஓர் உயிரின் அபயக் குரல் அவர்களுடைய மகிழ்ச்சிக்குள் மூழ்கிப் போயிற்று.

பெருமானாரின் இரவு ஸலாம்

இப்போது நம் உத்தம நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். மிக்தாத் (ரலி) அவர்களும் தோழர்கள் இருவரும் பசியால் வாடிப் பெருமானாரின் விருந்தினராகத் தங்கியிருந்தனர். நபி (ஸல்) அவர்கள் இரவில் வரும்போது ஸலாம் சொல்வார்கள். விழித்திருப்பவருக்குக் கேட்கும், உறங்குபவர் விழித்துக்கொள்ளமாட்டார். அத்துணை அளந்த குரல்! ‘ஸஹீஹ் முஸ்லிம்’ நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. ஸலாம் சொல்வது நன்மையான செயல். சொன்னவரோ அகிலத்துக்கே அருட்கொடையாக அனுப்பப்பட்ட தூதர். அவர்களின் ஸலாமைக் கேட்டு விழிப்பதைக் காட்டிலும் பெரும் பாக்கியம் வேறு என்ன? அப்படியிருந்தும் உறங்குபவரின் உறக்கத்தை அவர்கள் மதித்தார்கள்.

பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது சிலர் உரத்த குரலில் ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கிய நபி (ஸல்) அவர்கள், நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் இரட்சகனோடு அந்தரங்கமாக உரையாடுகின்றீர்கள், எனவே ஒருவருக்கொருவர் இடையூறு செய்யாதீர்கள் என்னும் கருத்தில் அறிவுரை கூறினார்கள். இது அபூதாவூதில் உள்ள நபிமொழி. இங்கே ஓதப்பட்டது சினிமாப் பாட்டு அன்று, திருமறை! இடையூறு அடைந்தவர்களும் இறைவணக்கத்தில் இருந்தவர்களே. திருமறையை ஓதியும்கூடப் பிறருக்குத் துன்பம் தரலாகாது என்றால், நம்முடைய பேச்சுக்கும் பாட்டுக்கும் என்ன சலுகை இருக்க முடியும்?

மற்றோர் இரவில் அபூபக்ர் (ரலி) அவர்கள் மெல்லிய குரலிலும் உமர் (ரலி) அவர்கள் உரத்த குரலிலும் ஓதித் தொழுவதைப் பெருமானார் கண்டார்கள். பின்னர் இருவரிடமும் காரணம் கேட்டபோது, நான் யாரோடு உரையாடினேனோ அவனுக்குக் கேட்டுவிட்டது என்றார்கள் அபூபக்ர் (ரலி). உறங்குபவரை எழுப்பவும் ஷைத்தானை விரட்டவுமே உரக்க ஓதியதாகக் கூறினார்கள் உமர் (ரலி). முன்னவரைச் சற்று உயர்த்தவும் பின்னவரைச் சற்றுத் தாழ்த்தவும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நன்மைக்காகத்தானே உரக்க ஓதுகின்றோம் என்னும் வாதம் அன்றே எழுந்தது என்பதையும், அதற்கு நடுநிலையே விடையாக அமைந்தது என்பதையும் கவனியுங்கள். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்றாகத் திருமறையில் இடம்பெற்றிருப்பதும் இந்த நடுநிலையைக் கற்பிக்கவே.

மன்னிப்புக் கேட்க முடியாத கடன்

அருமைச் சகோதரர்களே! இந்தக் கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். பாவங்கள் இருவகைப்படும். ஒன்று அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடைப்பட்டது. தௌபாச் செய்தால் அவன் மன்னிப்பான். மற்றொன்று அடியார்களின் உரிமையைச் சார்ந்தது. அதை ஹக்குல் இபாத் என்கின்றோம். துன்பப்பட்டவர் மன்னிக்காமல் அது தீராது. ஒருவரைத் திட்டிவிட்டால் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்கலாம். ஒருவரிடம் கடன் பட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் ஓர் இரவு முழுவதும் ஒலிபெருக்கியை முழங்கவிட்டவன் யாரிடம் சென்று மன்னிப்புக் கேட்பான்? அந்த ஓசை எத்துணை வீடுகளுக்குள் நுழைந்தது என்பதை அவன் அறியமாட்டான். பிரசவித்த தாய் யார், மறுநாள் தேர்வு எழுத வேண்டிய மாணவி யார், இரவு வேலை முடித்துவந்து கண்ணயர்ந்த தொழிலாளி யார், இறுதி மூச்சோடு போராடிக்கொண்டிருந்த முதியவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. பெயரும் முகவரியும் தெரியாத ஆயிரம் பேருக்குக் கடன்பட்டவனாக அவன் மறுமையில் நிற்க நேரிடும்.

ஏதுமற்றவன் யார் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் வினவிய செய்தியை நீங்கள் பலமுறை பயானில் கேட்டிருப்பீர்கள். பணமும் பொருளும் இல்லாதவன் என்று தோழர்கள் கூறினார்கள். இல்லை, தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் வந்து, பிறருக்கு இழைத்த தீங்குகளுக்கு ஈடாகத் தன் நன்மைகளையெல்லாம் பறிகொடுத்து நிற்பவனே ஏதுமற்றவன் என்று பெருமானார் விளக்கினார்கள். நன்மையை அள்ளித்தரும் என்று எண்ணி நாம் நடத்தும் மஜ்லிஸே, நம் நன்மைகளை அண்டை வீட்டாருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடும் மஜ்லிஸாக மாறிவிடக் கூடாது அல்லவா? அந்த அண்டை வீட்டார் எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும் சரியே. அண்டை வீட்டாரின் உரிமையில் மத வேறுபாடு இல்லை.

பாங்கொலியும் ஒலிபெருக்கியும்

இவ்விடத்தில் சிலர் முகம் சுளிக்கலாம். ஊரெல்லாம் சத்தம் போடும்போது நம்மை மட்டும் அடங்கச் சொல்வானேன் என்று கேட்கலாம். பிறர் செய்யும் தவறு நம் தவறுக்கு அத்தாட்சியாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புக்கூட நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பது திருமறையின் கட்டளை. ஓசை குறைய வேண்டும் என்று விரும்புபவர் முதலில் தம் கையில் உள்ள பொத்தானைத் திருப்ப வேண்டும்.

பாங்கு நம் மார்க்கத்தின் அடையாளம் அல்லவா என்று வேறு சிலர் கேட்கலாம். ஐயமே இல்லை. பாங்கு சொல்லப்பட வேண்டும். ஐந்து வேளையும் சொல்லப்பட வேண்டும். ஆனால் பாங்கு வேறு, ஒலிபெருக்கி வேறு. பனூ நஜ்ஜார் கோத்திரத்துப் பெண்மணி ஒருவரின் வீடு மஸ்ஜிதுன் நபவியைச் சுற்றியிருந்த வீடுகளில் உயரமானது. அதன் மேல் ஏறி நின்று பிலால் (ரலி) அவர்கள் பஜ்ரு பாங்கு சொல்வார்கள். பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள். எனினும் குரல் எடுப்பும் இனிமையும் வாய்ந்தவர் என்பதால் பிலாலே அழைக்கட்டும் என்று பெருமானார் ஏற்பாடு செய்தார்கள். பதின்மூன்று நூற்றாண்டுகள் இந்த உம்மத் ஒலிபெருக்கி இன்றியே பாங்கு சொல்லித் தொழுதது. அக்கருவி வந்த புதிதில் அதைத் தொழுகையில் பயன்படுத்தலாமா என்று நம் உலமாக்களே நெடுநாள் விவாதித்தார்கள். பாங்குக்கு மனிதக் குரலே இன்றியமையாதது, ஒலிபெருக்கி அவ்வாறு அன்று என்னும் பொருளில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்தது. மார்க்கம் கற்றவர் எவரும் இதில் அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை.

பாங்கு சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. உண்மையில் பிரச்சினை அதன் முன்னும் பின்னும் சேர்க்கப்படுவதில்தான் இருக்கின்றது. பள்ளியினுள் ஐம்பது பேர் கேட்கும் பயான், வெளிக்குழாய் வழியே ஐயாயிரம் பேரின் வீட்டுக்குள் ஏன் புக வேண்டும்? வாரத்துக்கு ஒருமுறை உபதேசம் செய்யுமாறும், மக்கள் தமக்குள் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட்டு அவர்களைச் சலிப்படையச் செய்ய வேண்டாம் என்றும், அவர்கள் விரும்பிக் கேட்கும்போது பேசுமாறும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் இக்ரிமாவுக்குக் கூறினார்கள். கேட்க விரும்பாதவனின் காதில் திணிக்கப்படும் நல்லுரை அவன் உள்ளத்தில் வெறுப்பையே விதைக்கும். இஸ்லாத்தைப் பற்றி அறியாத அண்டை வீட்டாருக்கு நம் மார்க்கத்தின் முதல் அறிமுகம் உறக்கம் கெட்ட ஓர் இரவாக இருப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

ரமலானில் ஸஹருக்கு எழுப்பும் வழக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். முன்னாளில் பக்கிர்சாமார் தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். கடிகாரமே இல்லாத வீடுகளுக்கு அது பேருதவியாக இருந்தது. இன்று ஒவ்வொரு தலையணைக்கு அருகிலும் கைப்பேசி இருக்கின்றது. அதில் மணி வைக்கத் தெரியாதவர் யாருமில்லை. அப்படியிருக்க, சில ஊர்களில் நள்ளிரவு 2 மணிக்கே ஒலிபெருக்கியைத் திறந்து பாடல்களும் அறிவிப்புகளுமாக முழங்கவிடுவது தஹஜ்ஜுத் தொழுபவருக்கும் இடையூறு, நோன்பில்லாத அண்டை வீட்டாருக்கும் இடையூறு.

சட்டமும் முஸ்லிம் நாடுகளின் முன்மாதிரியும்

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி ஒலிக்கலாகாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை. விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். சென்னைக் குடியிருப்பு ஒன்றின் மக்களுக்கும் அங்கிருந்த ஒரு தேவாலயத்துக்கும் இடையே எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து வணங்குமாறு எந்த மதமும் போதிக்கவில்லை என்பதே அதன் சாரம். அன்று வழக்கில் நின்றது தேவாலயம். ஆயினும் அந்தத் தீர்ப்பு கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சமமாகவே பொருந்தும்.

இது நம்மைக் குறிவைக்கும் சட்டம் என்று கருதுபவர்கள் முஸ்லிம் நாடுகளைப் பார்க்கட்டும். 2021ஆம் ஆண்டு மே மாதம் சவூதி அரேபியாவின் இஸ்லாமிய விவகார அமைச்சகம், வெளி ஒலிபெருக்கிகளைப் பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், அதுவும் முழு அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டது. இந்தோனேசியாவின் சமய அமைச்சகம் 2022ஆம் ஆண்டு பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளின் ஓசைக்கும் நேரத்துக்கும் வரம்பு விதித்துச் சுற்றறிக்கை வெளியிட்டது. ஹரமைன் அமைந்துள்ள நாடே தன் பள்ளிவாசல்களுக்கு இட்ட ஒழுங்கை நம் மஹல்லா ஏற்பதில் என்ன தாழ்வு வந்துவிடும்?

நாம் செய்யத்தக்கவை

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் முத்தவல்லிமாருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். பயான், மௌலூது, மத்ரஸா ஆண்டுவிழா ஆகியவற்றுக்குப் பள்ளியினுள் சிறிய பெட்டி ஒலிபெருக்கிகளே போதும். இரவு 10 மணிக்கு முன்னரே மாநாடுகளை முடித்துவிடுங்கள். பேச்சாளர் எவ்வளவு பெரியவராயினும் நேரம் நேரமே. பஜ்ரு பாங்கு சட்டம் கூறும் இரவு நேரத்துக்குள் வருவதால், அதை மோதினாரின் இயற்கைக் குரலிலேயே சொல்லச் செய்யுங்கள். இனிய குரலும் சரியான உச்சரிப்பும் உள்ளவரை மோதினாராக நியமித்து, அவருக்குத் தகுந்த சம்பளமும் கொடுங்கள். அருகருகே பள்ளிகள் உள்ள ஊர்களில் நிர்வாகிகள் கூடிப் பேசி, வெளிக்குழாயின் அளவை ஒன்றுபோலக் குறைத்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களே! பிள்ளைகளின் நிக்காஹை எளிமையாக நடத்துங்கள். மணமகன் ஊர்வலத்தில் வெடியும் மண்டபத்தில் டி.ஜே. இசையும் பரக்கத்தைக் கொண்டுவருவதில்லை. இளைஞர்களே! உங்கள் மோட்டார் சைக்கிளின் உறுமல் வீரத்தின் அடையாளம் அன்று. அது ஒரு குழந்தையின் திடுக்கிடல். மருத்துவமனை, பள்ளிக்கூடம் உள்ள தெருவில் ஹாரனைத் தொடாதீர்கள். ரயிலிலும் பேருந்திலும் கைப்பேசியை உரக்க வைத்துக் கேட்பதைத் தவிருங்கள். அது திருமறைக் கிராஅத்தாக இருந்தாலும் சரியே. இல்லத்தரசிகளே! தொலைக்காட்சியின் ஓசை உங்கள் வீட்டுச் சுவருக்குள் நிற்கட்டும்.

தாயின் மனவேதனையை எண்ணி, ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும் நீட்டித் தொழ எண்ணியிருந்த தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அந்த நபியின் உம்மத்தாகிய நாம், நம்முடைய ஒலிபெருக்கிகளால் எத்தனை குழந்தைகளை அழவைக்கின்றோம் என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் இந்த ஜும்ஆ நாளில் சிந்திக்கட்டும். நம்மை அழைக்கின்ற இறைவன் செவிடன் அல்லன். தொலைவில் இருப்பவனும் அல்லன். உள்ளத்தின் மெல்லிய முனகலையும் அவன் கேட்கின்றான்.

நம் குரலால் எவரும் துன்புறாமல், நம் அண்டை வீட்டார் அமைதியாக உறங்கி அமைதியாக விழிக்கும்படி வாழ்வதற்கு வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் அருள்வானாக! ஆமீன்.